கண்ணை மூடினால் கை போகும் இடம்

ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டால் தட்டுப்படுகிற இடத்தில் ரகசிய ஸ்விட்சை வைப்பவனை நான் எலெக்ட்ரீஷியன் என்றே சொல்ல மாட்டேன். இருபது வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பாரில்லை. கார் திருட வருகிறவன் முதலில் கை வைப்பதே அங்கேதான். அடுத்தது சிகரெட் லைட்டர் ஓட்டை. அதற்கடுத்து கால்மிதிக்கு அடியில். இவ்வளவையும் செல்போனில் வீடியோ எடுத்துப் போட்டு ஊருக்கே பாடம் நடத்துகிறார்கள் சில மகானுபாவர்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊருக்கே தெரிந்த பிறகு அது என்ன ரகசியம்?

என் கடை ஆழ்வார்பேட்டையில், மெயின் ரோட்டிலிருந்து ஒதுங்கிய ஒரு சந்தில் இருக்கிறது. காருக்கு வயரிங் வேலை. ஹாரன், லைட், ஏசி, செல்ஃப் மோட்டார் எல்லாம் பார்ப்பேன். ஆனால் தூரத்திலிருந்து ஆட்கள் தேடிக்கொண்டு வருவது அந்த ஸ்விட்சுக்காக. டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளுகிற மோட்டாருக்கு ஒரு வயர் போகும். அதை நடுவில் வெட்டி, ஒரு ரிலே போட்டு, ஒரு சின்னப் பொத்தானோடு சேர்த்துவிடுவேன். சாவியை எடுத்தால் தானாகவே பூட்டிக்கொள்ளும். மறுபடி வண்டி எடுக்க, சாவியைத் திருப்பும் முன் அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் செல்ஃப் மட்டும் கிர் கிர் கிர் என்று இழுக்கும், இன்ஜின் பிடிக்காது. வண்டி ரிப்பேர் போலிருக்கிறது என்று திருட வந்தவன் இறங்கிப் போய்விடுவான். அந்தச் சத்தம் ஒரு காலத்தில் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பொத்தானை எங்கே வைப்பது என்பதை நான் முடிவு செய்வதில்லை. வண்டிக்காரரை டிரைவர் சீட்டில் உட்கார வைப்பேன். “கண்ண மூடுங்க சார். வூட்லேர்ந்து கெளம்புறதா நெனச்சிக்கினு சாவியத் திருப்பப் போங்க. கை எங்க போவுதோ போவட்டும், புட்ச்சி நிறுத்தாதீங்க” என்பேன். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் அநேகம் பேருக்கு இன்னொரு கை சும்மா இருக்காது. ஒருவர் கை டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். ஒரு டாக்டரம்மா கண்ணை மூடியபடி தன் பின்கொண்டையைத் தடவி ஊசி இருக்கிறதா என்று பார்த்தார். அவருக்குச் சீட்டின் தலையணைக்குள் வைத்துக் கொடுத்தேன். ஒருத்தருக்குக் கை நேராக மூக்குக்குப் போயிற்று. “அங்க வெக்க முடியாது சார்” என்றேன், சிரித்துக்கொண்டே கோபித்துக்கொண்டார். கை தானாகப் போகிற இடத்தில் வைத்தால் உடையவர் தேட வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூட அவர் ஸ்விட்ச் போடுகிறார் என்று தெரியாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

வேலை முடிந்ததும் ஒரு சத்தியம் வாங்கிக்கொள்வேன். டிரைவருக்குச் சொல்லக் கூடாது, பிள்ளைக்குச் சொல்லக் கூடாது, வீட்டுக்காரம்மாவுக்கும் சொல்லக் கூடாது. வீட்டுக்காரம்மாவிடம் கூடவா என்று எல்லோரும் கேட்பார்கள். “அவுங்க தங்கச்சிகிட்ட சொல்வாங்க சார். தங்கச்சி வூட்டுக்காரர் டிரைவரான்ட சொல்வாரு. அப்பறம் நீங்க என்னியத் திட்டுவீங்க” என்பேன். நானும் எந்த வண்டியில் எங்கே வைத்தேன் என்று எழுதி வைப்பதில்லை. எல்லாம் தலைக்குள்தான். போனில் யார் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன். வண்டிக்காரர் தன் வாயால் கேட்டால் மட்டும் சொல்வேன்.

போன் விஷயம் பட்டுத் தெரிந்துகொண்டது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு ஸ்விட்ச் வைத்துக் கொடுத்திருந்தேன். ஒருநாள் காலையில் ஒரு பெண் குரல். “அண்ணாச்சி மக பேசுதேன். அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கின்னு துடிக்காவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும், கார் கெளம்ப மாட்டேங்கு. அந்த ஸ்விச்சு எங்க இருக்கு?” பேச்சு அச்சு அசல் அவர் பேச்சு. ஆஸ்பத்திரி என்றதும் யோசிக்காமல் இடத்தைச் சொல்லிவிட்டேன். பாவம், பிழைக்கட்டும் என்று இருந்தேன். மத்தியானம் அவரே நேரில் வந்து கடை வாசலில் நின்றார். நெஞ்சு வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. வீட்டு வாசலில் நின்ற காரைத்தான் காணோம்.

“உங்க பொண்ணு கேட்டாங்க அண்ணாச்சி, அதான் சொன்னேன்” என்றேன்.

“எனக்கு ரெண்டும் பயலுவல்லா” என்றார்.

அதற்கப்புறம் மூன்று நாள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பூட்டு போட்டவனே திறந்து விட்டான் என்று சந்து முழுக்கப் பேச்சு. அண்ணாச்சி என்னை விட்டுக்கொடுக்காமல் பேசியதால் பிழைத்தேன். ஆனால் அவர் மறுபடி என் கடைப் பக்கம் வரவில்லை. அதிலிருந்து என் காதில் ஆஸ்பத்திரி என்ற வார்த்தை விழுந்தாலே சந்தேகம்தான் முதலில் எழுந்து நிற்கும்.

பெசன்ட் நகர் சார் வந்தது அதற்குச் சில வருடம் கழித்து. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கார் வாங்கியிருந்தார், அதுவும் செகண்ட் ஹேண்ட். வாங்கிப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவர் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கார் திருடு போய்விட்டது. அதிலிருந்து ராத்திரி தூக்கமில்லை என்று சொல்லி வந்து நின்றார். பொறுமையான மனிதர். நான் வயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஹாரன் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்ததை ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணை மூடச் சொன்னேன். வலது கை சாவிக்குப் போயிற்று. இடது கை மெதுவாகப் பக்கத்துச் சீட்டுப் பக்கம் போய், பெல்ட் மாட்டுகிற கொக்கிக்குப் பின்னால், சீட்டின் ஓரத்தைத் தொட்டு இரண்டு தட்டுத் தட்டியது. சீட்டில் யாரும் இல்லை.

கண்ணைத் திறந்து, தன் கையைத் தானே பார்த்து வெட்கப்பட்டார். “முப்பது வருஷம் ஸ்கூட்டர் ஓட்டினேன்பா. பின்னாடி அவ உக்காந்திருப்பா. கிளப்பறதுக்கு முன்னாடி கையைப் பின்னாடி விட்டு, முந்தானை சக்கரத்துக்கிட்ட தொங்குதான்னு தொட்டுப் பாத்துட்டு ரெண்டு தட்டு தட்டுவேன். அப்பறம்தான் வண்டி எடுப்பேன். கார்ல முந்தானை எங்க போய் மாட்டப் போகுது? கை கேக்க மாட்டேங்குது.”

அந்த இடத்திலேயே வைத்தேன். சீட் கவரின் தையலைப் பிரித்து, பொத்தானை உள்ளே தைத்து, மேலே ஒன்றும் தெரியாமல் மூடினேன். என் வேலையிலேயே அழகான வேலை அது என்று இன்றைக்கும் சொல்வேன். அப்புறம் சத்தியம் கேட்டேன். அவர் தயங்கினார். “அவகிட்ட நான் எதையுமே மறைச்சதில்லையேப்பா” என்றார். “இது ஒண்ணே ஒண்ணு மறைங்க சார், தப்பில்ல” என்றேன். ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன், எங்கே என்று சொல்லவில்லை, போதுமா என்று கேட்டார். சரி என்று பெரிய மனசோடு ஒத்துக்கொண்டேன். என் விசிட்டிங் கார்டை அவர் டேஷ்போர்டு டப்பாவில் போட்டுக்கொண்டார்.

அவர் மனைவியை நான் அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். ஏசி வேலைக்கு வந்தபோது முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. கிளம்பும்போது சாரின் இடது கை அவர் சீட்டு ஓரத்தை இரண்டு தட்டுத் தட்டியது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மனைவிக்கே தெரியாதபடி வைத்திருக்கிறேன் பார் என்று எனக்குள் ஒரே பெருமை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மந்தைவெளியில் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். மீன் குழம்பு. முதல் கவளத்தைக்கூட வாயில் வைக்கவில்லை, போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“கார் எலெக்ட்ரீஷியனா? எங்க வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது தம்பி. நீங்க ஏதோ ஸ்விட்ச் வெச்சீங்களே, அது எங்க இருக்கு?”

“யாரும்மா பேசறது?”

“பெசன்ட் நகர்லேருந்து. அவரோட மனைவி. கோயில்லேருந்து இப்பதான் வந்தோம். அவருக்குத் திடீர்னு வாய் கோணிக்கிச்சு, ஒரு பக்கம் விழுந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். சீக்கிரம் சொல்லுங்க.”

ஆஸ்பத்திரி. அந்த வார்த்தை வந்ததுமே எனக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது.

“சார்கிட்ட குடுங்கம்மா. அவரு ஒரு வார்த்த சொல்லட்டும், சொல்லிடறேன்.”

“அவரால பேச முடியலைங்கறேன்.”

அப்போது போனுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. கிர் கிர் கிர். செல்ஃப் இழுக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஒரு ஆண் குரல், “இன்னொரு தபா அடிம்மா” என்றது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். கூட்டமாக வந்து காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்கிறார்கள். அண்ணாச்சி மகள் கதை இரண்டாம் தடவை நடக்கிறது. இந்த முறை ஏமாற மாட்டேன்.

“போன்ல சொல்ற பழக்கம் இல்லம்மா. ஆம்புலன்சுக்கு அடிங்க” என்று சொல்லிக் கட் செய்தேன்.

சும்மா இருந்துவிடவில்லை. சாரின் நம்பருக்கு நானே அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கூடவே இருக்கிற மனுஷன் என்றால் அவர் போனை யாராவது எடுக்க மாட்டார்களா? பார்த்தாயா, பொய்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கோயிலுக்குப் போகும்போது அவர் போனை மேலே வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெண் நம்பரிலிருந்து இன்னும் இரண்டு தடவை வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

என் மனைவி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். “இன்னாய்யா நீ, அந்தம்மா அழுவுறது எனக்கே கேக்குது. மெய்யா இருந்தா இன்னா பண்ணுவ? போய்தான் பாத்துட்டு வாயேன்” என்றாள்.

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு கெட” என்றேன். ஆனால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நல்லவன் வேஷம் போட மாட்டேன், நான் சாரைக் காப்பாற்றப் போகவில்லை. திருடர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றுதான் கையைக் கழுவிவிட்டு, வண்டிப் பெட்டியில் ஒரு பெரிய ஸ்பானரைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அடையாறு பாலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போகிற பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு, வழி விடாதவனையெல்லாம் திட்டிக்கொண்டு போனேன்.

அவர்கள் அபார்ட்மென்ட்டின் கீழே கார் நின்றது. நான்கு கதவும் திறந்து கிடந்தன. கால்மிதி எல்லாம் வெளியே. டேஷ்போர்டு டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள், ஜெபமாலை ஒன்றும் பழைய ரசீதுகளும் தரையில் கிடந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே மூடியைப் பிய்த்து வயர்களைப் பிடித்து இழுத்திருந்தார்கள். டிரைவர் சீட்டின் கவர் பாதி கிழிந்து தொங்கியது. பக்கத்துச் சீட்டை மட்டும் யாரும் பிரித்துப் பார்க்கவே இல்லை. கதவுக்கு அடியில் ஒரு பெண்பிள்ளைச் செருப்பு, ஒற்றையாக.

வாட்ச்மேன் வந்தார். போனில் கேட்ட ஆண் குரல் அவருடையதுதான். “சாருக்கு வாதம் அட்ச்சிடுச்சுப்பா. ஆம்புலன்சு வர்றேன்னு சொல்லிக்கினே இருந்தாங்கோ, வரல. அந்தம்மா, நானே ஓட்டிக்கினு போறேன்னு காரக் கெளப்பப் பாத்துச்சு, கெளம்பல. அப்பறம் நான்தான் பீச்சாண்ட ஓடிப் போயி ஒரு ஆட்டோவ இட்டாந்தேன். இப்பதான் போறாங்கோ.”

எல்லாம் மெய். சாவி காரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்து நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. ஆஸ்பத்திரி எது என்று கேட்டு அங்கே ஓடியிருக்க வேண்டும். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். இடது கையைப் பக்கத்துச் சீட்டு ஓரத்துக்குக் கொண்டுபோய் அழுத்தினேன். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. என் ஸ்விட்ச் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்திருக்கிறேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

வாட்ச்மேன் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், ஒடனே எட்த்துக்கிச்சு?” என்றார். நான் இன்ஜினை அணைத்து, கதவுகளைச் சாத்தி, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான்கு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் மனசு கேட்காமல் போனேன். தெருமுனையிலேயே போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். சார் சிரித்துக்கொண்டிருந்தார், மேலே கண்ணீர் அஞ்சலி என்று போட்டிருந்தது. நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. வாட்ச்மேன்தான் என்னைப் பார்த்துவிட்டு வந்து, “கொஞ்சம் முன்னாடி இட்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரு சொன்னாராம்” என்றார். அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. எல்லோரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னார். ஆஸ்பத்திரி அங்கிருந்து காரில் ஐந்து நிமிஷம்கூட இல்லை.

அதற்கப்புறம் அந்தச் சத்தம் என்னை விடவில்லை. சிக்னலில் எவனுடைய வண்டியாவது பிடிக்காமல் இழுத்தால் நான் என் வண்டியை ஓரங்கட்டிவிடுவேன். கடையில் ஒரு வண்டிக்கு பேட்டரி வீக், கிர் கிர் என்கிறது, நான் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். பட்டப்பகலில், வெயிலில், டீக்கடை வாசலில் நின்றால்கூட அந்தச் சத்தத்துக்குப் பின்னாலிருந்து, “அவரால பேச முடியலைங்கறேன்” என்ற குரல் கேட்கும். கோபமாகக்கூட இருக்காது அந்தக் குரல். அவசரமாக மட்டும் இருக்கும். ஸ்விட்ச் வைக்க வந்தவர்களை வேறு கடைக்கு அனுப்பினேன். உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். என் மனைவி மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

மாதா கோயிலில் சாருக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் போன் வந்தது. அந்த நம்பரை நான் பெயர் போட்டு வைக்கவில்லை, ஆனால் எனக்கு மனப்பாடம். முதல் மணியிலேயே எடுத்தேன்.

“ஒரு தடவை வந்துட்டுப் போக முடியுமா தம்பி?” என்றார் டீச்சர்.

காலை பதினோரு மணிக்குப் போனேன். காரைத் துடைத்து வைத்திருந்தார்கள். வயர்களை யாரோ டேப் சுற்றி உள்ளே திணித்திருந்தார்கள், ஒழுங்கற்ற வேலை. டீச்சர் சாவியோடு கீழே இறங்கி வந்தார். இளைத்திருந்தார். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் அப்படி ஒன்றும் செய்யவில்லை.

“அது எங்க இருக்குன்னு காட்டுங்க. அதுக்குதான் கூப்பிட்டேன்” என்றார்.

டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். நான் சுற்றிப் போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். “எடது கைய இந்தாண்ட கொண்டாங்க டீச்சர். பெல்ட் மாட்ற கொக்கிக்குப் பின்னாடி. தையலுக்குள்ள. அழுத்துங்க.”

அழுத்தினார். சாவியைத் திருப்பினார். பிடித்துக்கொண்டது. அணைத்தார். மறுபடி அழுத்தி, மறுபடி திருப்பினார். மூன்று தடவை செய்து பார்த்தார். அப்புறம் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இது நான் உக்கார்ற சீட்டு” என்றார்.

“ஆமா டீச்சர்.”

“தினமும் இங்கதான் தொடுவார். ரெண்டு தட்டு. ஸ்கூட்டர்ல தொடற மாதிரியே இன்னும் தொடறாரேன்னு நினைச்சுக்குவேன். வயசான காலத்துல இது என்னன்னு சிரிப்பா வரும்.” கொஞ்ச நேரம் அந்தத் தையலையே பார்த்தார். “ஸ்விட்ச் போட்டிருக்கார்.”

அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவரிடமிருந்து சாரை ஒரு தடவை பறித்தது போதாது என்று, இருந்த நினைப்பையும் பறித்துக்கொண்டிருந்தேன். கடகடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் கண்ணை மூடச் சொன்னது, சீட்டில் யாரும் இல்லாதபோதும் கை அங்கே போனது, இரண்டு தட்டு, முந்தானை, கை கேட்க மாட்டேங்குது என்று சொல்லி அவர் வெட்கப்பட்டது. “ஸ்விட்சு அப்பறம்தான் வந்துச்சு டீச்சர். கை அதுக்கு முன்னாடியே அங்கதான் போச்சு. கை போன எடத்துலதான் நான் வெச்சேன். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனதும் நான்தான். அவருக்கு இஷ்டமே இல்ல.”

டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. மாடியில் யாரோ எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

“அன்னைக்கு அவரை இந்தச் சீட்லதான் உக்கார வெச்சோம்” என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “வலது பக்கம் விழுந்துடுச்சு. இடது கையை மட்டும் இப்படிக் குறுக்கால கொண்டு வந்துக்கிட்டே இருந்தார். பயப்படறாராக்கும்னு நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். இழுத்து இழுத்துப் பாத்தார். நான் விடலை. ஆட்டோ வர்ற வரைக்கும் விடவே இல்லை.”

அந்தக் கை தேடியது பொத்தானை. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“மன்னிச்சிருங்க டீச்சர். திருடங்கன்னு நெனச்சிட்டேன். முன்ன ஒரு தபா இதே மாரி ஏமாந்து, போன்ல எடத்தச் சொல்லவே கூடாதுன்னு வெச்சிருந்தேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இடத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் தம்பி. ‘வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி சார் கை எங்க போகும்’னு என்னைக் கேட்டிருந்தாப் போதும். நான் உடனே சொல்லியிருப்பேன். திருடனுக்கு அது தெரிஞ்சிருக்காது.”

கோபமே இல்லை. தப்பாகப் போட்ட கணக்கில் எந்த வரியில் பிசகியது என்று காட்டுகிற குரல். அப்புறம் காரைப் பூட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக மாடிப்படி ஏறிப் போனார். நான் அந்தக் காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். இருபது வருடமாக என் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்ட கேள்வி அது. அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.